வீட்டு எஸ்பிரெஸ்ஸோவுக்குத் துணைக்கருவிகள்: 15,000 ரூபாயில் எதை முதலில் வாங்குவது?

சாரல்84 (வேளச்சேரி)
வணக்கம். மூன்று மாதங்களுக்கு முன்பு எங்கள் திருமண நாளையொட்டி ஒரு சிறிய எஸ்பிரெஸ்ஸோ இயந்திரம் வாங்கினோம். 51 மி.மீ. போர்ட்டாஃபில்டர் (தூளை வைத்து இயந்திரத்தில் மாட்டும் கைப்பிடி), பெட்டியில் 15 பார் அழுத்தம் என்று அச்சிட்ட பம்ப், பக்கவாட்டில் நீராவிக் குழாய். கடையில் அரைத்துக் கொடுக்கும் தூளைத்தான் போடுகிறேன். காபியின் மேல் நிற்கும் நுரை, அதாவது கிரீமா, என்னவோ தடிமனாக நிற்கிறது. குடித்தால் நாக்கின் ஓரத்தில் சுள்ளென்று புளிப்பு, தொண்டையில் கசப்பு, நடுவில் ஒன்றுமே இல்லை. என் மனைவிக்குக் காப்புச்சினோ பிடிக்கும். பாலோ சோப்பு நுரைபோலப் பெரிய பெரிய குமிழாகப் பொங்குகிறது.

இதற்கெல்லாம் துணைக்கருவிகள் இல்லாததுதான் காரணம் என்று நினைத்து ஒரு பட்டியல் எழுதினேன்: தூளை அமுக்கும் உலோக டேம்பர், தூளைச் சமப்படுத்தும் லெவலர், ஊசிக் கிளறி, தூள் சிந்தாமலிருக்கப் புனல் வளையம், மேலே வைக்கும் சல்லடைத் தட்டு, அடித்திறந்த போர்ட்டாஃபில்டர், சக்கை தட்டும் பெட்டி, ரப்பர் விரிப்பு, பால் ஜக், தராசு. 15,000 ரூபாய் ஒதுக்கியிருக்கிறேன். எது அவசியம், எது அழகுக்கு? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

இன்னொன்று: எங்கள் வீட்டில் ஆழ்துளைக் கிணற்று நீர். குடிப்பதற்கு ஆர்.ஓ. நீர்; காபி இயந்திரத்திலும் அதைத்தான் ஊற்றுகிறேன்.

இயந்திரவாசி (கோவை)
சாரல், வாங்குவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். போர்ட்டாஃபில்டருக்குள் தூள் போடும் கிண்ணமான பாஸ்கெட்டைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். உட்புறம் நிறையத் துளைகள், அடிப்புறம் ஒரே ஒரு ஊசித் துளை என்றால் அது இரட்டைச் சுவர் பாஸ்கெட். சிறிய இயந்திரங்களோடு பெரும்பாலும் இதைத்தான் தருகிறார்கள். நீங்கள் பார்க்கும் தடித்த கிரீமா அந்த ஊசித் துளை செய்யும் வேலை. எந்தத் தூளைப் போட்டாலும், எப்படி அமுக்கினாலும், அந்தத் துளைதான் அழுத்தத்தை உண்டாக்குகிறது. அதனால் உங்கள் பட்டியலில் உள்ள டேம்பர், லெவலர், ஊசி, தட்டு ஆகிய நான்கும் அந்த பாஸ்கெட்டில் பெரிதாக எதையும் மாற்றப்போவதில்லை.

ஒற்றைச் சுவர் பாஸ்கெட்டில் கதை வேறு. அங்கே நீரைத் தடுத்து நிறுத்துவது தூள் மட்டும்தான். அழுத்தம் வேண்டுமென்றால் தூள் மிக நைசாகவும் ஒரே சீராகவும் இருக்க வேண்டும். கடையில் அரைத்தது ஃபில்டருக்கான பருமன். ஒற்றைச் சுவரில் போட்டால் பத்து விநாடிக்குள் சலசலவென்று ஓடிவிடும். மிக்ஸியில் அரைக்கலாமே என்று பலர் கேட்கிறார்கள். மிக்ஸி கொட்டையை அரைப்பதில்லை, அடித்து உடைக்கிறது. மாவும் குருணையும் ஒரே பிடியில் கிடைக்கும். மாவிலிருந்து கசப்பு, குருணையிலிருந்து புளிப்பு. உங்கள் கோப்பையில் இப்போது இருப்பதும் ஏறக்குறைய அதுதான்.

ஆகவே 15,000-இல் பெரும்பகுதி கிரைண்டருக்கு. மின்சாரக் கிரைண்டரில் எஸ்பிரெஸ்ஸோவுக்கு உண்மையாகவே பொருந்துவது இந்தத் தொகைக்குக் கிடைப்பது கடினம். கையால் சுற்றுவது கிடைக்கும். பார்க்க வேண்டியது ஒன்றே: பருமனை மாற்றத் திருகும்போது ஒரு கிளிக்குக்கு அரைப்பான் எவ்வளவு நகர்கிறது. கிங்கிரைண்டர் கே6-இல் 16 மைக்ரான், ஒன்ஸெட்பிரெஸ்ஸோ ஜே-அல்ட்ராவில் 8 மைக்ரான். இரண்டிலும் 48 மி.மீ. எஃகு அரைப்பான். ஃபில்டர் காபிக்கென்று செய்த மலிவான கைக்கிரைண்டர்களில் கிளிக் இடைவெளி அகலம். ஒரு கிளிக்கில் 15 விநாடியில் ஓடும். அடுத்த கிளிக்கில் ஒரு சொட்டும் இறங்காது. நடுவில் நிற்க இடமே இருக்காது. என் முதல் கிரைண்டரில் நான் ஓராண்டு பட்டது அதுதான்.

அந்த 15 பாரைப் பற்றி ஒரு வார்த்தை. அது பம்பின் உச்சத் திறன். காபிக்குத் தேவை 9 பார் அளவு. 1938-இல் மிலானில் அக்கிலே கஜ்ஜா என்பவர் நீராவியை நம்பாத தன் இயந்திரத்துக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பிக்கும் முன்பிருந்த இயந்திரங்கள் வெறும் நீராவி அழுத்தத்தில் ஓடின, ஒன்றரைப் பார் அளவில். அவருடைய வழியில்தான் காபி மேல் கிரீமா என்ற ஒன்று நிலையாக வந்தது. முதலில் மக்கள் அதை அழுக்கு நுரை என்று ஒதுக்கினார்கள் என்பார்கள். பெட்டியில் அச்சிட்ட எண் பெரிதாக இருப்பதால் காபி நன்றாக வந்துவிடாது.

சாரல்84
பார்த்துவிட்டேன் ஐயா. ஒரே ஒரு ஊசித் துளைதான். மூன்று மாதங்களாக, இயந்திரத்தோடு வந்த டேம்பரை எவ்வளவு பலமாக அமுக்குவது என்று கைவலிக்கப் பழகிக்கொண்டிருந்தேன்.

பனிக்காலம் (டொராண்டோ)
இயந்திரவாசி சொன்னதில் பெரும்பகுதியை ஏற்கிறேன். ஆனால் ஊசிக் கிளறியை ஒதுக்கிவிடாதீர்கள். ஒற்றைச் சுவர் பாஸ்கெட்டுக்கு மாறிய அன்றே அது தேவைப்படும். கைக்கிரைண்டரிலிருந்து விழும் நைசுத் தூள் உருண்டை கட்டிக்கொள்ளும். நீர் சோம்பேறி, இளக்கமான இடம் எங்கே இருக்கிறதோ அங்கே துளைத்துக்கொண்டு ஓடும். அந்த இடத்துத் தூள் வெந்து கசக்கும், மற்ற இடத்துத் தூள் நனைந்ததோடு நின்று புளிக்கும். ஒரே கோப்பையில் இரண்டும் சேர்ந்து வருவது அதனால்தான். அமெரிக்காவில் ஜான் வைஸ் என்ற காபி ஆர்வலர் 2005-இல் மெல்லிய ஊசியால் தூளை அடிவரை கிளறும் முறையை எழுதினார். இன்று உலகம் முழுவதும் அதைச் செய்கிறார்கள்.

கடையில் வாங்கவே வேண்டாம். 0.35 அல்லது 0.4 மி.மீ. அக்குபஞ்சர் ஊசிகள் நான்கைந்தை ஒரு தக்கையில் குத்தினால் போதும். பேப்பர் கிளிப், ஊக்கு, பல்குத்தி எல்லாம் தடிமன். உழுத சால்போல் பள்ளம் விட்டுச் செல்லும்.

இங்கே குளிர்காலத்தில் வீட்டுக்குள் காற்று வறண்டு தூள் நிலைமின்னேறி நாலாபக்கமும் ஒட்டுகிறது. கொட்டையை அரைப்பதற்கு முன் ஒரு துளி நீர் தெளித்துக் குலுக்கினால் நின்றுவிடும். 2023-இல் ஓரிகன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்டோபர் ஹெண்டன் குழுவினர் இதைச் சோதித்து ஆய்வுக் கட்டுரையாகவே வெளியிட்டார்கள். சென்னையின் புழுக்கத்தில் உங்களுக்கு இது அவ்வளவு தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

இயந்திரவாசி
ஊசி சரி, சேர்த்துக்கொள்ளுங்கள். மேலே வைக்கும் சல்லடைத் தட்டு எதற்கு?

பனிக்காலம்
நீர் சமமாகப் பரவும். இயந்திரத்தின் நீர்ச்சல்லடையில் சக்கை ஒட்டாது. இரண்டு ஆண்டுகளாக வைத்திருக்கிறேன், துடைக்கும் வேலை பாதியாகிவிட்டது.

இயந்திரவாசி
உங்களிடம் இருப்பது 58 மி.மீ. இயந்திரம் என்று முன்பு வேறோர் இழையில் எழுதியிருக்கிறீர்கள். 1961-இல் ஃபேமா நிறுவனம் கொண்டுவந்த ஈ61 தலையின் (போர்ட்டாஃபில்டரை மாட்டும் பகுதி) அளவு அது. அதில் பாஸ்கெட் ஆழமாக இருக்கும், தட்டுக்கு இடம் உண்டு. சாரலுடையது 51. வழக்கமான தட்டு 1.7 மி.மீ. தடிமன். சிறிய பாஸ்கெட்டில் அதை வைத்தால் தூளுக்கும் நீர்ச்சல்லடைக்கும் நடுவே இடமே மிஞ்சாது. தூளைக் குறைக்க வேண்டியிருக்கும், அல்லது தட்டு சல்லடையில் போய் முட்டும். முட்டிய தட்டோடு பிடியைத் திருகித் திருகி ரப்பர் வளையத்தைக் கெடுத்துக்கொண்டு என்னிடம் பழுதுபார்க்க வந்தவர்கள் உண்டு.

சாரல், தூள் அளவைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இணையத்தில் எங்கே பார்த்தாலும் 18 கிராம் தூள், 36 கிராம் காபி என்றுதான் எழுதியிருக்கும். அது 58-க்கான கணக்கு. 51-இன் பரப்பு 58-இன் பரப்பில் முக்கால் பங்குக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். அதே உயரத்துக்குத் தூள் நிற்க வேண்டுமென்றால் 14 கிராம். அதிலிருந்து 28 கிராம் காபி, 25 முதல் 30 விநாடிக்குள். 18-ஐத் திணிக்காதீர்கள். சந்தேகம் இருந்தால் அமுக்கிய தூளின்மேல் ஒரு நாணயத்தை வைத்துப் பிடியை மாட்டிக் கழற்றுங்கள். நாணயம் தூளில் அழுந்திப் பதிந்திருந்தால் தூள் அதிகம்.

சாரல்84
அப்படியானால் தராசும் வேண்டும். சமையலறைத் தராசு ஒன்று இருக்கிறது. முழுக் கிராமாகத்தான் காட்டும்.

இயந்திரவாசி
அது போதாது. 14-க்கும் 15-க்கும் நடுவே வெவ்வேறு காபிகள் இருக்கின்றன. 0.1 கிராம் காட்ட வேண்டும். காபிக்கென்றே விற்கும் விலையுயர்ந்த தராசு தேவையில்லை. நகை எடைபோடும் சின்னத் தராசு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. வாங்கும் முன் இரண்டை மட்டும் அளந்து பாருங்கள்: சொட்டுத் தட்டில் தராசு உட்காருமா, அதன்மேல் கோப்பை வைத்தால் போர்ட்டாஃபில்டருக்கு அடியில் நுழையுமா. நேரம் பார்க்கக் கைப்பேசி இருக்கிறது.

வெண்நுரை (பெங்களூரு)
பால் பக்கம் யாரும் வரவில்லை, நான் வருகிறேன். ஆறு ஆண்டுகள் காபிக் கடையில் நீராவிக் குழாயின் பக்கத்தில் நின்றவள் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சாரல் தம்பி, முதலில் ஒரு கேள்வி. பாலைக் காய்ச்சிவிட்டுத்தானே நீராவி கொடுக்கிறீர்கள்? நம் வீடுகளில் பாக்கெட் பாலைப் பிரித்தவுடன் காய்ச்சுவது கைப்பழக்கம். எஸ்பிரெஸ்ஸோ பாலுக்கு அது வேண்டாம். பாக்கெட் பால் ஏற்கெனவே பாஸ்டரைஸ் செய்யப்பட்டதுதான். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து நேராக, நான்கைந்து டிகிரிக் குளிரில், ஜக்கில் ஊற்றுங்கள். குளிர்ந்திருந்தால்தான் நுரையை நுணுக்க உங்களுக்கு நேரம் கிடைக்கும். உங்கள் இயந்திரத்தின் நீராவி மெல்லியது, அதற்கு அந்த நேரம் தேவை.

ஜக் 350 மி.லி. வாங்குங்கள். 600 வாங்காதீர்கள். ஒரு காப்புச்சினோவுக்குப் பால் 120 முதல் 150 மி.லி. தான். அதைப் பெரிய ஜக்கில் ஊற்றினால் அடியில் தளும்பிக்கொண்டு கிடக்கும், குழாய் முனை பாலில் சரியாக மூழ்காது. பால் ஜக்கின் மூக்கு தொடங்கும் இடத்துக்குக் கீழே நிற்க வேண்டும். மூக்கு கூர்மையா அகலமா என்பது பூ வரைகிறவர்களின் கவலை, இப்போதைக்கு விட்டுவிடுங்கள்.

சிறிய இயந்திரங்களின் நீராவிக் குழாயில் ஓர் உறை மாட்டியிருப்பார்கள். அதன் பக்கவாட்டில் காற்றுத் துளை இருக்கும். பழகாதவர்களுக்கும் நுரை வரட்டும் என்று அது தானாகக் காற்றை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். உங்கள் சோப்புக் குமிழின் பிறப்பிடம் அந்தத் துளை. பல இயந்திரங்களில் உறையைக் கழற்றலாம். உங்களுடையதில் முடியுமா என்று கையேட்டைப் பாருங்கள். கழற்றியபின் முனையைப் பாலின் மேற்பரப்பை ஒட்டி வையுங்கள். காகிதம் கிழிவதுபோலச் சிறிய ஓசை வர வேண்டும். ஜக் கைச்சூடு எட்டும்வரைதான் காற்று. அதன்பின் முனையைச் சற்று உள்ளே இறக்கி, பால் சுழலும்படி ஓரமாகச் சாய்த்துப் பிடியுங்கள். அடியில் கை வைக்க முடியாத சூடு வந்ததும் நிறுத்துங்கள். அது ஏறத்தாழ 60 டிகிரி. 70-ஐத் தாண்டினால் காய்ச்சிய பாலின் மணம் வந்துவிடும், இனிப்பு போய்விடும். வெப்பமானி வாங்கத் தேவையில்லை. உள்ளங்கையே போதும், பத்து நாளில் பழகிவிடும்.

ஆவின் பாலில் எது என்று கேட்பீர்கள். நீலத்தில் கொழுப்பு 3 சதவீதம், பச்சையில் 4.5, ஆரஞ்சில் 6. நுரையைப் பிடித்து நிறுத்துவது புரதம். வாயில் வழவழப்பு தருவது கொழுப்பு. வீட்டு இயந்திரத்துக்கு நான் பச்சையைத்தான் சொல்வேன். எதுவாக இருந்தாலும் அன்றைய பாலாக இருக்கட்டும். கெடும் தறுவாயில் உள்ள பாலில் கொழுப்பு சிதைந்து, நுரை எழுந்த வேகத்தில் அமுங்கிவிடும்.

சாரல்84
அக்கா, காய்ச்சி ஆறவைத்த பாலைத்தான் பயன்படுத்திக்கொண்டிருந்தோம். நாளைக் காலையே மாற்றிப் பார்க்கிறேன்.

கும்பகோணத்தான்
நாற்பது ஆண்டுகளாக பித்தளை ஃபில்டரில் டிகாக்‌ஷன் இறக்கிக் குடிப்பவன் நான். மகன் வெளிநாட்டிலிருந்து இதுபோன்ற ஓர் இயந்திரம் அனுப்பியிருக்கிறான். வீட்டில் உள்ள சிக்கரி கலந்த தூளையே இதில் போடலாமா? புதிதாக எதுவும் வாங்காமல் தொடங்க ஆசை.

இயந்திரவாசி
ஐயா, வேண்டாம். சிக்கரி நீர் பட்டதும் பிசுபிசுவென்று இறுகும். ஃபில்டரில் அந்தக் குணம்தான் டிகாக்‌ஷனைக் கெட்டியாக நிறுத்திச் சொட்டுச் சொட்டாக இறக்குகிறது, அங்கே அது நல்லது. இங்கே சல்லடை அடைத்துக்கொள்ளும். சிக்கரி இல்லாத தூள் வாங்கி, உங்கள் இயந்திரத்தோடு வந்த இரட்டைச் சுவர் பாஸ்கெட்டிலேயே போடுங்கள். அதற்குக் கிரைண்டர் கூட அவசியமில்லை. பால் சேர்த்துக் குடிப்பவர் என்றால் ரொபஸ்டா இனம் கலந்த கொட்டை உங்கள் நாவுக்குப் பழக்கமான கனத்தைத் தரும். நம் நாட்டு ரொபஸ்டாவை இத்தாலிக்காரர்கள் நெடுங்காலமாகத் தங்கள் எஸ்பிரெஸ்ஸோக் கலவைக்கு வாங்குகிறார்கள்; உங்கள் நாக்கும் அவர்கள் நாக்கும் இந்த இடத்தில் ஒன்று.

ஏற்காட்டுப்பெண்
சாரல், உங்கள் புளிப்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எல்லோரும் தூளையும் பாஸ்கெட்டையும் பேசினார்கள். நீங்கள் முதல் பதிவின் கடைசியில் எழுதிய ஆர்.ஓ. நீர் என் கண்ணை விட்டு அகலவில்லை.

ஆர்.ஓ. நீரில் சுண்ணாம்பு இல்லை, இயந்திரத்துக்கு அது நிம்மதி. ஆனால் பைகார்பனேட்டும் இல்லை. காபியின் அமிலத்தை மட்டுப்படுத்துவது நீரிலுள்ள பைகார்பனேட்தான். அது இல்லாத நீரில் எந்தக் காபியும் கூர்மையாகப் புளிக்கும். நீர் இருப்பை மின்கடத்தலால் உணரும் இயந்திரங்கள் சில, மிகத் தூய நீரை ஊற்றினால் தொட்டி காலி என்றே நினைத்துக்கொள்ளும். ஆழ்துளைக் கிணற்று நீரை நேரடியாக ஊற்றினாலோ, சூட்டில் சுண்ணாம்பு படிந்து சில மாதங்களில் குழாய் அடைத்துக்கொள்ளும்.

வெளிநாட்டில் தாது உப்புப் பொட்டலம் விற்கிறார்கள். நான் செய்வது எளிது: 5 லிட்டர் ஆர்.ஓ. நீரில் 0.4 கிராம் சமையல் சோடா, நம் ஆப்ப சோடாவேதான், கரைத்து வைத்துக்கொள்கிறேன். பேக்கிங் பவுடர் அல்ல, சோடா. உப்புச் சுவை தெரியாது. சுண்ணாம்பும் படியாது.

கும்பகோணத்தான்
காபியில் சோடாவா அம்மா? மனம் ஒப்பவில்லை.

ஏற்காட்டுப்பெண்
ஐயா, காவிரி நீரிலும் பைகார்பனேட் இருக்கிறது. உங்கள் ஊர்க் காபிக்குப் பெயர் வந்ததில் பாலுக்கும் கொட்டைக்கும் உள்ள பங்கு நீருக்கும் உண்டு என்பது என் நம்பிக்கை. ஆர்.ஓ. எடுத்துவிட்டதில் ஒரு சிட்டிகையை மட்டும் திருப்பிப் போடுகிறோம்.

இயந்திரவாசி
இதை நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். சிறுவாணி நீர் குடித்து வளர்ந்தவனுக்கு நீர் ஒரு குறையாக இருக்கும் என்று தோன்றவே இல்லை. சாரல், சோடாவை முதலில் செய்துபாருங்கள். பணம் எதுவும் போடுவதற்கு முன்.

சாரல்84 (மறுநாள்)
செய்தேன். அதே தூள், அதே பாஸ்கெட், ஒரு கோப்பை பழைய நீரில், ஒன்று சோடா நீரில். என் மனைவியிடம் எது எதுவென்று சொல்லாமல் கொடுத்தேன். இரண்டாவது கோப்பையைக் கையிலேயே வைத்துக்கொண்டார். கசப்பு அப்படியே இருக்கிறது. அந்தச் சுள்ளென்ற புளிப்பு நன்றாகக் குறைந்திருக்கிறது. கிரைண்டருக்கு ஆர்டர் போட்டுவிட்டேன்.

சாரல்84 (நான்கு வாரங்களுக்குப் பின்)
கணக்கு ஒப்படைக்கிறேன். கைக்கிரைண்டருக்கு மட்டும் பத்தாயிரத்தைத் தாண்டியது. பிறகு ஒற்றைச் சுவர் பாஸ்கெட்டோடு கூடிய அடித்திறந்த போர்ட்டாஃபில்டர், 350 மி.லி. ஜக், நகைத் தராசு, டேம்பர். ஊசிக் கிளறியைத் தக்கையில் நானே செய்தேன். லெவலர், சல்லடைத் தட்டு, விரிப்பு, சக்கைப் பெட்டி எதுவும் வாங்கவில்லை. சக்கையைத் தட்டப் பழைய எவர்சில்வர் டப்பாவின் குறுக்கே மரக்கரண்டி ஒன்றை வைத்திருக்கிறேன்.

இரண்டு தவறுகள் செய்தேன், மற்றவர்களுக்குப் பயன்படும். போர்ட்டாஃபில்டரில் இயந்திரத்தோடு பொருத்தும் காது இரண்டு உள்ளதும் மூன்று உள்ளதும் 51 மி.மீ. என்றே விற்கிறார்கள், நான் பார்க்காமல் வாங்கித் திருப்பி அனுப்பினேன். டேம்பரும் முதலில் வாங்கியது 50 மி.மீ.; ஒரு மில்லிமீட்டர் என்ன செய்துவிடும் என்று நினைத்தேன். அடித்திறந்த போர்ட்டாஃபில்டரில் ஓரம் முழுக்க வெளிறிய நீர் வடிவது கண்ணுக்கே தெரிந்தது.

இயந்திரவாசி
சுற்றிலும் அரை மில்லிமீட்டர் அமுங்காமல் கிடந்தால் பரப்பில் நூற்றுக்கு நான்கு பங்கு அது. நீர் அந்த இடுக்கைத் தேடிப்பிடித்துவிடும். அடித்திறந்தது அதைக் காட்டிக்கொடுத்தது பாருங்கள், அதற்காகத்தான் அதை நான் எதிர்க்கவில்லை. இப்போது எண்கள் என்ன?

சாரல்84
14.2 கிராம் தூள், 29 கிராம் காபி, 27 விநாடி. ஏற்காட்டு அராபிகா, வறுத்துப் பன்னிரண்டு நாளான கொட்டை. போர்ட்டாஃபில்டரைச் சூடேற்ற முதலில் தூள் இல்லாமல் ஒரு முறை வெந்நீர் ஓடவிடுகிறேன். புளிப்பு இருக்கிறது, ஆனால் நாரத்தைப் பழத்தில் இருக்குமே, அந்தப் புளிப்பு. பின்னால் வெல்லம்போல ஒன்று வருகிறது. பாலும் நன்றாக வருகிறது அக்கா, பச்சை பாக்கெட்தான். நேற்று மேலே ஏறக்குறைய இதய வடிவில் ஒன்று விழுந்தது.

ஒரு சந்தேகம் மட்டும். துளையில்லாத பாஸ்கெட்டில் சுத்திகரிப்புத் தூள் போட்டுத் பின்னோக்கிக் கழுவும் முறையை எல்லோரும் செய்கிறார்கள். நானும் வாங்கவா?

இயந்திரவாசி
வாங்காதீர்கள். அது மூவழி வால்வு உள்ள இயந்திரங்களுக்கு. ஷாட் (ஒரு முறை காபி இறக்குவது) முடிந்ததும் மீதி அழுத்தத்தை அந்த வால்வு பின்வழியாக வெளியேற்றும், அந்த வழியைக் கழுவத்தான் அந்த முறை. உங்கள் வகையில் அந்த வால்வு இருப்பதில்லை; பின்வழி இல்லாமல் அழுத்தம் உள்ளேயே முட்டி நிற்கும். ஷாட் முடிந்தவுடன் பிடியைச் சட்டென்று கழற்றாமல் சில விநாடி பொறுக்கச் சொல்வதும் அதனால்தான். வாரம் ஒரு முறை நீர்ச்சல்லடையின் திருகைக் கழற்றி, சல்லடையை வெந்நீரில் ஊறவைத்து, பழைய பல் துலக்கியால் ரப்பர் வளையத்தைச் சுற்றித் தேயுங்கள். நீராவிக் குழாயை ஒவ்வொரு முறையும் ஈரத்துணியால் துடைத்து, ஒரு விநாடி நீராவி விட்டு மூடுங்கள். பால் உள்ளே காய்ந்துவிட்டால் பிறகு ஊசியால்தான் குத்தி எடுக்க வேண்டும்.

வெண்நுரை
அந்தத் துணியை வேறு எதற்கும் பயன்படுத்தாதீர்கள் தம்பி. தினமும் மாற்றுங்கள். இதய வடிவத்தின் படத்தையும் போடுங்கள், பார்க்க வேண்டும்.